குடிசையா, சானடோரியமா?

க்ஷயரோகம் என்றால் சானடோரியம், சுத்தமான காற்று, பாலும் முட்டையும், பூரண ஓய்வு என்றுதான் ஒரு காலத்தில் வைத்தியர்கள் விதித்தார்கள். நோயாளிகளோ லட்சக்கணக்கில், படுக்கைகளோ சொற்பம்.

1956-இல் சென்னையில் தொடங்கப்பட்ட ஆராய்ச்சி நிலையம் ஒன்று, ஊகத்தை நம்பாமல் பரீட்சித்தே பார்த்துவிடத் தீர்மானித்தது. ஏழை நோயாளிகளை, திருவுளச்சீட்டுப் போடுவதுபோல, எவருடைய விருப்பு வெறுப்பும் புகாதபடி இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைச் சானடோரியத்திலும் மற்றவரை அவரவர் வீட்டிலுமே வைத்து, இரு சாராருக்கும் ஒரே மருந்தை ஓராண்டு கொடுத்து வந்தார்கள்.

வீட்டிலிருந்தவர்களுக்கு நெரிசலான குடிசை, குறைந்த போஷணை, ஓய்வும் குறைவு. எனினும், 1959-இல் முடிவு வெளியானபோது, குணமடைந்ததில் இரு பிரிவினருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை! வீட்டிலிருந்தவர்களால் குடும்பத்தாருக்கு நோய் அதிகமாகத் தொற்றவும் இல்லை. காரணம், தொற்றும் அபாயம் பெரும்பாலும் மருந்து தொடங்குவதற்கு முன்புதான்.

குணப்படுத்தியது மருந்து, கட்டில் அல்ல. மருந்துதான், நேயர்களே.

இதனால் வீட்டுச் சிகிச்சையைப் பல தேசங்கள் துணிந்து ஏற்றன. புதிய கட்டிடங்களுக்குச் செலவாகியிருக்கக்கூடிய பணம் மருந்துக்குப் பயன்பட்டது என்பது சாமானிய லாபமா?

ஒரு சங்கடம் மட்டும் மிஞ்சியது. உடம்பு சற்றுத் தேறியதும் மாத்திரையை நிறுத்திவிடுவது மனித சுபாவம். ஆகவே ஊழியர்கள் முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்று, மீதமிருந்த மாத்திரைகளை எண்ணிப் பார்த்தார்கள். பின்னாளில், ஒருவர் கண்முன்னே மருந்தை விழுங்கச் செய்யும் முறைக்கு வித்திட்டதும் இந்த அனுபவமே.