திட்டிவாசல்

எச்.ஐ.வி. கிருமி உடம்புக்குள் வருகிற வழி, அந்தக் கிருமியின் மரபணுவை எப்படிச் சலித்து எடுக்கிறது என்று இன்றைக்குப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் பேசுகிறவள் ராஜபாளையத்துக்காரி. நாயிலிருந்துதான் ஆரம்பிப்பேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, ஒட்டிய வயிறு. 2005-ல் தபால்தலையில் ஏறிய நாய் அது. எங்கள் தெருவில் ஒரு தாத்தா குட்டி விற்றுக்கொண்டிருந்தார். வாங்க வந்தவர் குட்டிகளைக் கொஞ்சிக்கொண்டிருக்கும்போது இவர் சத்தமில்லாமல் பின்னால் போய் ஒரு எவர்சில்வர் தட்டைத் தரையில் போடுவார். எந்தக் குட்டி திரும்பிப் பார்க்கவில்லையோ அதைத் தனியாக எடுத்து வைத்துவிடுவார். "இதுக்குக் காது கேக்காது தாயி, வெள்ளையாப் பொறந்ததுக்குக் கொடுத்த கூலி" என்பார். வெள்ளை நிறத்துக்காகவே ஒரு சில வம்சங்களைத் திரும்பத் திரும்ப இணைசேர்த்து வளர்த்ததில், சில குட்டிகளுக்குச் செவிடும் சேர்ந்தே வந்துவிட்டது. ஊரில் எத்தனை நாய் நின்றாலும் கொள்ளுப்பாட்டன், கொள்ளுப்பாட்டி என்று தேடிப் போனால் கூட்டம் சுருங்கிக்கொண்டே போகும். தாத்தாவையும் நாயையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

நான் முப்பது வருஷம் ஆய்வகத்தில் ரத்தம் எடுத்தவள். அரசாங்கக் காகிதத்தில் ஆய்வக நுட்பநர்; வார்டில் எல்லோருக்கும் லேப் அக்கா. நம்பிக்கை மையத்தில் பல வருஷம் உட்கார்ந்திருக்கிறேன். எச்.ஐ.வி. பரிசோதனைக்கு வருகிறவர்களுக்கான அறைக்கு நம் தமிழ்நாட்டில் அப்படித்தான் பெயர். நல்ல பெயர், யார் வைத்தார்களோ.

கிருமிக்கு வருகிறேன். அதன் மரபணு ஏறக்குறைய 9,700 எழுத்து நீளம். பத்திரம் நகலெடுக்கிறவர் மூன்று நகலுக்கு ஒரு எழுத்தைத் தப்பாகப் போட்டுக்கொண்டே போனால் என்ன ஆகும்? எச்.ஐ.வி. தன்னை நகலெடுப்பது அந்த லட்சணத்தில்தான். மருந்து சாப்பிடாத ஒருவர் உடம்பில் ஒரே நாளில் ஆயிரம் கோடி கிருமிகள்கூட உண்டாகலாம். ஆக, சில வருஷம் கழித்து அந்த உடம்புக்குள் இருப்பது ஒரு கிருமியின் பிரதிகள் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத்தன்று தேர் பார்க்க வருகிற கூட்டம். ஒன்றுக்கொன்று சாயல் உண்டு, ஆனால் எதுவும் இன்னொன்றைப் போல அச்சு அசலாக இல்லை.

அவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றும்போது இந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் உள்ளே போகிறார்கள்? நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், கூட்டமாகத்தான் போகும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். 2008-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் புதிதாகத் தொற்றிய 102 பேரின் ரத்தத்தில் கிருமியின் மரபணுவை ஒவ்வொன்றாகப் படித்து, பின்னோக்கிக் கணக்குப் போட்டார்கள். அதில் 78 பேருக்கு, உடம்பில் இருந்த அத்தனை கிருமிக்கும் மூதாதை ஒன்றே ஒன்று. ஒரே ஒரு கிருமி!

அந்தக் கட்டுரையை ஒரு பயிற்சி வகுப்பில் விளக்கினார்கள். எனக்கு அன்றைக்கு மதியச் சாப்பாடு இறங்கவில்லை, சந்தோஷத்தில்தான். இத்தனை வருஷமாக நான் பரிசோதனைத் தட்டில் பார்த்த, தொற்றைக் காட்டுகிற மஞ்சள் குழிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் இப்படி ஒரு ஒற்றை ஆள் நின்றிருக்கிறானே என்று.

பழைய கோயில்களின் பெரிய கதவில் ஒரு சின்னக் கதவு வைத்திருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். திட்டிவாசல் என்பார்கள். ராத்திரி பெரிய கதவைச் சாத்திய பிறகு, குனிந்து, உடம்பை ஒடுக்கி, ஒவ்வொருவராகத்தான் அதில் நுழைய முடியும். வெளியே ஆயிரம் பேர் நின்றால் என்ன? தலையில் மூட்டையோடு வந்தவர் அங்கேயே நிற்கவேண்டியதுதான். உடலுறவில் கிருமி கடக்கவேண்டிய சளிச்சவ்வு இந்தத் திட்டிவாசல். எவ்வளவு குறுகல் என்பதற்கு ஒரு கணக்கு: தொற்றுள்ள, மருந்து சாப்பிடாத ஆணோடு ஒரு பெண் உறவுகொள்ளும்போது, பத்தாயிரம் தடவைக்குச் சுமார் 8 தடவைதான் கிருமி தொற்றும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். குறைவுதானே என்று யாரும் தெம்பாகிவிட வேண்டாம். அந்த எட்டில் ஒன்று முதல் தடவையாகவே இருக்கலாம்.

அந்த வாசலில் நுழைகிறது யார் என்பதும் குருட்டு அதிர்ஷ்டம் மட்டும் இல்லை. கிருமியின் மேலுறையில் சர்க்கரை மூலக்கூறுகள் போர்வை மாதிரி மூடியிருக்கும், நம் எதிர்ப்புப் பொருள்களிடமிருந்து ஒளிந்துகொள்ள. நாளாக நாளாகப் போர்வை கனத்துக்கொண்டே போகும். 2004-ல் ஜாம்பியா நாட்டுத் தம்பதிகளை ஆராய்ந்தவர்கள், புதிதாகத் தொற்றியவரிடம் இருந்த கிருமிக்குப் போர்வை மெல்லிசு, மேலுறையின் வளைவுகளும் கட்டை என்று கண்டார்கள். மூட்டை இல்லாதவன் முதலில் நுழைந்துவிட்டான். எச்.ஐ.வி.யில் பல வகை உண்டு; அங்கே பரவுவது சி வகை. இந்தியாவில் தொற்றுகளில் மிகப் பெரும்பாலானவையும் அதே சி வகைதான். அமெரிக்காவில் அதிகமாக உள்ள பி வகையில் இந்த வித்தியாசம் அவ்வளவு துலக்கமாகத் தெரியவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

சத்திரப்பட்டிக்காரர்கள் கேட்டுக்கொண்டிருந்தால் இது உங்களுக்கு. சளிச்சவ்வு என்பது நெருக்கி நெய்த துணி. பால்வினை நோயால் புண் வந்துவிட்டால் அதே துணி நீங்கள் தறியில் போடுகிற பேண்டேஜ் துணி ஆகிவிடுகிறது, இந்தப் பக்கம் பிடித்தால் அந்தப் பக்கம் தெரிகிற மாதிரி. ருவாண்டா, ஜாம்பியாத் தம்பதிகளில் பார்த்ததும் அதுதான். பிறப்புறுப்பில் அழற்சி இருந்தவர்களிடம்தான் ஒன்றுக்கு மேற்பட்ட கிருமி நுழைவது அதிகமாக இருந்தது. புண்ணுக்கு மருந்து போடுங்கள் என்று மையத்தில் நாங்கள் கத்திக்கொண்டிருந்ததற்குக் காரணம் இதுவும்தான்.

2014-ல் இன்னொன்று தெரியவந்தது. 137 ஜாம்பியாத் தம்பதிகளில் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போன கிருமிகளை ஒப்பிட்டார்கள். ஆணின் உடம்பு பெண்ணின் உடம்பைவிட அதிகமாகச் சலிக்கிறது. வலுவான கிருமிதான் உள்ளே போகிறது. பெண் உடம்பின் வாசலில் அத்தனை கெடுபிடி இல்லை, சோப்ளாங்கியும் நுழைந்துவிடும். அதைப் படித்தபோது ஒரு மில் தொழிலாளிப் பெண் ஞாபகத்துக்கு வந்தாள். நூற்பாலை இரவு ஷிப்டு முடிந்து, தலைமுடியில் பஞ்சு ஒட்டியபடியே வந்து உட்கார்ந்தவள். "அக்கா, நான் எந்தத் தப்பும் பண்ணல. எனக்கு மட்டும் எப்படிக்கா இவ்வளவு சீக்கிரம்?" என்றாள். வீட்டுக்காரர் கொல்லம் சாலையில் லாரி ஓட்டுகிறவர். அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இப்போதாவது சொல்கிறேன் தாயி: உன் மேல் தப்பில்லை, வாசலின் அமைப்பு அப்படி.

ஊசி வழியாக வருவது வேறு கதை. போதை ஊசியைப் பகிர்ந்துகொள்வதில் பத்தாயிரத்துக்கு 63 தடவை தொற்றும் என்பது கணக்கு. சவ்வு ஏது, வாசல் ஏது? நேரே கருவறைக்கே போய்விடுகிறது. அப்படித் தொற்றிய பத்துப் பேரை 2010-ல் வெளிவந்த ஓர் ஆய்வு பார்த்தது. ஆறு பேரிடம் ஒன்றுக்கு மேற்பட்ட மூதாதைகள். ஒருவரிடம் பதினாறு வரை. ஆனால் மீதி நாலு பேருக்கு ஒன்றுதான். ஊசி என்றாலே கூட்டம் என்று சட்டம் போட்டுவிட முடியாது. எவ்வளவு ரத்தம் ஏறியது, அதில் எவ்வளவு கிருமி இருந்தது என்பதும் சேர்ந்துதான். நம் நாட்டில் மணிப்பூரில் ஊசி வழியாகவே முதலில் வேகமாகப் பரவியது. அங்கே தாய்லாந்துப் பக்கமிருந்து வந்த பி வகையும், நமது சி வகையும், இரண்டும் ஒரே உடம்பில் சந்தித்துக் கலந்து பிறந்த கலப்பு வகைகளும் இருக்கின்றன. இங்கே தெற்கே அப்படிக் கலப்பு அபூர்வம்.

எத்தனை நாய் நின்றாலும் மூதாதைக் கூட்டம் சின்னது என்றேனே, தாத்தாவின் நாய் இங்கேதான் திரும்ப வருகிறது. இந்தியாவில் பரவியிருக்கும் சி வகை மரபணுக்களை வரிசைப்படுத்திப் பார்த்தால், 1970-களை ஒட்டி ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஒன்றோ சிலவோதான் பாட்டன் என்று தெரிகிறது. ஒரு தேசமே ஒரு திட்டிவாசல் மாதிரி. யாருக்கும் தெரியாமல் அந்த வம்சம் பெருகி, 1986-ல்தான் சென்னையில் பிடிபட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்ட, மாணவி நிர்மலா பெண்களிடம் ரத்தம் எடுத்தார். கையுறைகூட இல்லை. சீரத்தை வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்திருந்து, ரயிலில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனார். தட்டில் ஆறு குழிகள் மஞ்சளாகின. எத்தனை தட்டு பார்த்தவள் நான்; அந்த ஆறு மஞ்சளைப் பார்க்கும்போது அந்தப் பெண்ணின் நெஞ்சு எப்படி அடித்திருக்கும் என்று இன்றைக்கும் யோசிப்பேன்.

ரத்தம் ஏற்றுவது பற்றிப் பேசாமல் நம் மாவட்டத்தில் யாரும் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. 2018 டிசம்பரில் சாத்தூரில் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றிய ரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது. தனக்குத் தொற்று இருப்பது வேறு பரிசோதனையில் தெரிந்ததும், ரத்தம் கொடுத்த இளைஞரே பதறிப்போய்த் தகவல் சொன்னார். அதற்குள் ஏற்றியாகிவிட்டது. தொற்றுள்ள ரத்தம் ஒரு பை ஏறினால் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் கிருமி வந்துவிடும். பெரிய கதவை இரண்டு பக்கமும் அகலத் திறந்துவிட்ட மாதிரி. அந்த இளைஞர் அந்த வருஷத்தைத் தாண்டவில்லை. ஆனால் 2019 ஜனவரியில் மதுரையில் பிறந்த குழந்தைக்கு, மருந்து கொடுத்துக் கவனித்த பிறகு செய்த பரிசோதனையில் தொற்று இல்லை. கருப்பையிலும் பிரசவத்திலும் ஒரு குறுகின வாசல்தான் இருக்கிறது. கூட்டு மருந்து அதற்குத் தாழ்ப்பாளும் போட்டுவிடுகிறது. மருந்தே இல்லாவிட்டால் நூற்றுக்கு 15 முதல் 45 குழந்தைகளுக்கு வரும். அம்மாவும் பிள்ளையும் ஒழுங்காக மருந்து எடுத்தால் ஐந்துக்கும் கீழே.

கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். மருந்துக்கு மசியாத கிருமி பற்றிச் சொல்ல நினைத்தேன், நேரம் இல்லை. இந்த ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஆறு வாரக் குழந்தைக்குப் பரிசோதனை எப்படித் தெரியுமா? குதிகாலைக் கையில் பொத்திச் சூடேற்றி, ஒரு குத்து. கெட்டிக் காகித அட்டையில் ஐந்து வட்டம் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு, வட்டம் முழுக்க நிறையவேண்டும். தட்டில் வைத்துக் காயவிடுவேன், மின்விசிறிக்கு எதிரே வைக்கக்கூடாது. சிவப்பு மெல்ல மெல்லக் கறுத்துத் துரு நிறம் வந்ததும் உறையில் போட்டு அனுப்புவோம். பல வருஷம் முன்னால் அப்படி ஒரு பையனுக்குக் குத்தினேன். ஊரே கூடிவிடும்போல அழுதான். அந்த ரத்தத்தில் கிருமியின் மரபணு இல்லை என்று முடிவு வந்தது.

போன மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாக் கடையில் அவனைப் பார்த்தேன். அம்மாவைவிட ஒரு சாண் உயரம், அரும்பு மீசை. அவன் அம்மா என்னைப் பார்த்தாள், பார்வையை அப்படியே தராசுப் பக்கம் திருப்பிக்கொண்டாள். நானும் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கள் வேலையில் அதுதான் மரியாதை. பையன் மட்டும் வழிவிட்டு ஒதுங்கி, "நீங்க முதல்ல வாங்குங்க ஆச்சி" என்றான். அரைக் கிலோ வாங்கிக்கொண்டு வந்தேன்.