எது நம் டிராக்டர்?



உழவு இயந்திரத் துறையில் வேலை பார்ப்பதால் ஊருக்குப் போனால் என்னிடம் கேட்கிற கேள்வி இதுதான்: "தம்பி, நம்ம நாட்டு டிராக்டர் வாங்கலாமா, வெளிநாட்டு வண்டி வாங்கலாமா?"

கேள்வி எளிது. பதில்தான் சிக்கல். சென்னையில் 1960-ல் தொடங்கிய டாஃபேயின் மாஸி ஃபெர்குசனை நம் விவசாயி அந்நியமாக நினைப்பதில்லை. மஹிந்திராவும் அமெரிக்காவின் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரோடு கூட்டுச் சேர்ந்துதான் 1963-ல் இத்துறைக்குள் வந்தது. பெயர்ப் பலகையை வைத்து நாட்டுப்பற்றை அளக்க முடியாது.

அப்படியானால் சுதேசி என்பது வெறும் பேச்சா? இல்லை. துர்காப்பூர் மத்திய இயந்திரப் பொறியியல் ஆராய்ச்சி நிலையத்தில் 1960-களில் நம் பொறியாளர்களே ஒரு டிராக்டரை வடிவமைத்தார்கள். பொதுத்துறை நிறுவனமான ஹெச்.எம்.டி.யோ செக்கோஸ்லோவாக்கியாவின் ஜீட்டர் தொழில்நுட்பத்தை வாங்கி 1971-ல் உற்பத்தியைத் தொடங்கியது. துர்காப்பூர் வடிவமைப்பைப் பஞ்சாப் மாநிலம் கையில் எடுத்தது. 1970-ல் பஞ்சாப் டிராக்டர்ஸ் பிறந்தது. 1974-ல் 'ஸ்வராஜ்' வெளிவந்தது. 2007-ல் அந்த நிறுவனம் மஹிந்திரா வசமானது. ஸ்வராஜ் இன்றும் வயலில் ஓடுகிறது. ஹெச்.எம்.டி.யின் டிராக்டர் பிரிவை மூட 2016-ல் அரசு முடிவெடுத்தது. தொழில்நுட்பத்தை வாங்கியதுதான் அதற்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நம்மாலும் முடியும் என்பதற்கு ஸ்வராஜ் சாட்சி.

வடிவமைப்பு நம்மிடம் இருப்பதில் என்ன லாபம்? கேஜ் வீல் மாட்டிச் சேற்றுழவுக்கு இறங்கும் வண்டியில் ஆக்சில் சீல் தேய்ந்தால் சேறு உள்ளே போய்விடும். காய்ந்த நிலத்துக்கென்று வரைந்தவருக்கு இந்தக் கவலை வராது. வரைபடம் நம் கையில் இருந்தால், யாரிடமும் அனுமதி கேட்காமல் நாமே மாற்றலாம்.

நிலத்தை அடமானம் வைத்துக் கடன் வாங்கும் விவசாயியிடம் போய் நாட்டுப்பற்றைக் கேட்பது நியாயமல்ல. நடவு நேரத்தில் வண்டி நாலு நாள் நின்றால் நஷ்டம் அவருக்குத்தான். அதனால் ஊரில் நான் சொல்வது இதுதான்: "ஸ்பேர் நாளைக்கே கிடைக்குமா, பக்கத்து ஊர் மெக்கானிக்குக் கழற்றி மாட்டத் தெரியுமா, இந்த ரெண்டையும் பார்த்து வாங்குங்க."

நாட்டுப்பற்றுக்குக் கணக்குச் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான், பொறியாளர்கள். மாணவத் தம்பிகளே, தங்கைகளே! நம் வண்டியைத் தயவுக்காக யாரும் வாங்க வேண்டாம். நல்ல வண்டி என்று வாங்கட்டும். அதை வரையும் கை இந்தக் கல்லூரியின் கையாக இருக்கட்டும்.