போன் காட்டும் தூரமும் கால் நடக்கும் தூரமும்

(இளைஞர், மாதர் சங்க உறுப்பினர்களுக்கான கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் நிகழ்த்திய உரை)



இன்றைக்கு லயத்துக்கு லயம் கையடக்கத் தொலைபேசி இருக்கிறது. அதில் ஜீ.பி.எஸ். இருக்கிறது. நடந்துபோனால் இத்தனை கிலோமீட்டர் என்று காட்டுகிறது. அந்தக் கணக்கை நம்ம ஆட்கள் மனுவில் எழுதுகிறார்கள். கொந்தராத்து வேலைக்குப் பேரம் பேசுகிறார்கள். சில இடங்களில் வேலி போடக்கூடப் பார்க்கிறார்கள். ஆகவே அந்தக் கணக்கை எவ்வளவு நம்பலாம் என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு டிவிசனில் நடந்ததைச் சொல்கிறோம். பிள்ளைகள் பாடசாலைக்கு நடக்கிற தூரத்தைக் காட்டி, பஸ் கேட்டு மனுக் கொடுத்தார்கள். ஒரு தம்பி போனை வைத்துக்கொண்டு நடந்து 3.6 கிலோமீட்டர் என்றார். அதே பாதையில் நடந்த இன்னொரு தம்பிக்கு 4.3 வந்தது. மனுவில் ஒன்றும், பெற்றோர் கடிதத்தில் மற்றதும் போய்விட்டது. "சரியான தூரத்தைக் குறிப்பிடவும்" என்று கடுதாசி திரும்பி வந்தது. மறுபடி எழுதி அனுப்புவதற்குள் மாதங்கள் ஓடிவிட்டன. அதுவரைக்கும் மழையில் நனைந்தது யார்? பிள்ளைகள்தான். இரண்டு தம்பிமாரும் பொய் சொல்லவில்லை. போனிலும் பழுதில்லை. போன் எப்படிக் கணக்குப் பார்க்கிறது என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

முதலில் அதைப் பார்ப்போம். ஜீ.பி.எஸ். என்பது அமெரிக்கா நடத்துகிற செய்மதி ஏற்பாடு. பூமிக்கு மேலே ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில் குறைந்தது 24 செய்மதிகள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ரஷ்யா, ஐரோப்பா, சீனா ஆகியவற்றுக்கும் இதே மாதிரி செய்மதிகள் உண்டு. இப்போதைய போன்கள் பல அவற்றையும் சேர்த்துக் கேட்கின்றன. ஒவ்வொரு செய்மதியும் நேரத்தை அறிவித்துக்கொண்டே இருக்கும். அந்த அறிவிப்பு வந்து சேர எடுத்த நேரத்தை வைத்து, குறைந்தது நான்கு செய்மதிகளின் உதவியோடு, போன் தான் நிற்கும் இடத்தைக் கண்டுபிடிக்கிறது. ஒரு செக்கனைப் பத்து இலட்சம் பங்காக்கி அதில் ஒரு பங்கு பிசகினாலும், அந்தச் செய்மதிக்கு உள்ள தூரம் 300 மீட்டர் பிசகும். அவ்வளவு நுணுக்கமான வேலை.

2000ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் திகதிக்கு முன்னர், பொதுமக்களின் கருவிகள் துல்லியமாகக் காட்டாதபடி அமெரிக்க அரசாங்கம் வேண்டுமென்றே பிசகு வைத்திருந்தது. அப்போது 100 மீட்டர் வரைக்கும் தவறும். அன்றோடு அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது திறந்த வெளியில் நல்ல போன் ஏறக்குறைய 5 மீட்டருக்குள் இடத்தைக் காட்டும். ஆனால் நம்ம மலை திறந்த வெளியா? ஒரு பக்கம் மலைச்சரிவு பாதி வானத்தை மறைக்கிறது. மேலே நிழல் மரம். பக்கத்தில் கற்பாறையும் தகரக் கூரையும். செய்மதி அலை அவற்றில் பட்டுத் தெறித்துச் சுற்றி வந்தால், போன் ஏமாந்து வேறு இடத்தைக் காட்டும்.

இங்கே ஒரு முக்கியமான விஷயத்தை மனதில் வைக்க வேண்டும். போன் பெரும்பாலும் தூரத்தை நேரடியாக அளப்பதில்லை. இடத்தைத்தான் அளக்கிறது. இங்கே ஒரு புள்ளி, கொஞ்சம் தள்ளி இன்னொரு புள்ளி என்று வைத்து, புள்ளிக்குப் புள்ளி கோடு போட்டு, கோடுகளைக் கூட்டிச் சொல்கிறது. புள்ளி தவறினால் கூட்டலும் தவறும்.

எப்படிக் கூடுகிறது என்று பாருங்க. நீங்கள் நேராக நடக்கிறீர்கள். 10 மீட்டருக்கு ஒரு புள்ளி. ஒரு புள்ளி பாதையில் விழுகிறது, அடுத்தது 3 மீட்டர் ஒதுங்கி விழுகிறது, அதற்கடுத்தது திரும்பவும் பாதையில். அப்போது ஒவ்வொரு 10 மீட்டரும் 10.44 மீட்டராகும். ஒரு கிலோமீட்டர் நடந்தால் 1,044 மீட்டர் என்று காட்டும். நீங்கள் நேராக நடந்தாலும் போனுக்குள் இருக்கிற ஆள் தள்ளாடித்தான் நடக்கிறான். ஜீ.பி.எஸ். ஏன் தூரத்தைக் கூட்டிக் காட்டுகிறது என்பதைப் பற்றி, ஆஸ்திரிய நாட்டவர் உட்பட்ட ஆய்வாளர்கள் 2016ஆம் ஆண்டில் கட்டுரையே வெளியிட்டிருக்கிறார்கள்.

இன்னொன்று, சும்மா நிற்பது. கொழுந்து நிறுக்கும்போது தராசு முள் பூச்சியத்தில் நிற்கிறதா என்று முதலில் பார்க்கிறோம், இல்லீங்களா? இந்தத் தராசின் முள் பூச்சியத்தில் நிற்காது. கோயிலடியில் பத்து நிமிடம் நின்று கதைத்தால், புள்ளி உங்களைச் சுற்றி அலைந்து, நடக்காத தூரத்தையும் சில போன்கள் கணக்கில் சேர்த்துவிடும்.

எப்படிக் குறைகிறது என்றும் பாருங்க. பற்றரியை மிச்சப்படுத்த, சில போன்கள் அரை நிமிடத்துக்கு ஒரு தடவைதான் புள்ளி வைக்கும். அதற்குள் நாம் 30, 40 மீட்டர் நடந்துவிடுவோம். கொண்டையூசி வளைவில் போய்த் திரும்பி வந்தாலும், போன் வளைவை விட்டுவிட்டுக் குறுக்கே கோடு போட்டுவிடும். நம்ம பாதையில் வளைவுக்குப் பஞ்சமில்லை.

மேடு பள்ளத்தைப் பற்றியும் கேட்பார்கள். பல கருவிகள் வரைபடத்தில் உள்ளது போல மட்டமான தூரத்தைத்தான் கூட்டும், ஏற்றத்தைச் சேர்க்காது. ஆனாலும் எல்லாப் பழியையும் ஏற்றத்தின் மேல் போட முடியாது. மட்டமாக 100 மீட்டர் போவதற்குள் 20 மீட்டர் உயரம் ஏறினால், கால் நடந்தது 102 மீட்டர்தான். 58 மீட்டர் உயரம் ஏறுகிற செங்குத்தான படிக்கட்டில்தான் 115 மீட்டருக்கு மேல் வரும். சிவனொளிபாத மலைக்குப் போகிறவர்கள் ஆளுக்கொரு தூரம் சொல்வதற்கு ஏற்றம் மட்டும் காரணமில்லை. அங்கே வளைவும் உண்டு, மரமும் உண்டு, இளைப்பாறி நிற்பதும் உண்டு.

சில போன்களில் காலடியை எண்ணிக் கணக்குச் சொல்கிற ஏற்பாடும் உண்டு. அது ஜீ.பி.எஸ். இல்லை. அடியின் நீளத்தை உத்தேசமாக வைத்துப் பெருக்குகிறது. கூடையைச் சுமந்து ஏறுகிறவரின் அடியும், வெறுங்கையோடு இறங்குகிறவரின் அடியும் ஒன்றாகுமா? எந்தக் கணக்கை எழுதுகிறோம் என்று பார்த்து எழுத வேண்டும்.

அப்படியானால் போனை வீசிவிட வேண்டுமா? வேண்டாம். பாவிக்கிற முறையில் பாவித்தால் நல்ல உதவி. செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறோம், குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, புறப்படுமுன் வானம் தெரிகிற இடத்தில் சில நிமிடங்கள் நின்று, போன் இடத்தைச் சரியாகப் பிடித்த பிறகு நடையை ஆரம்பியுங்கள். போனைப் பையின் அடியில் போடாமல் கையில் வைத்திருங்கள்.

இரண்டு, பற்றரி மிச்சம் பிடிக்கிற முறையை நிறுத்திவிடுங்கள். இடையில் நிற்க நேர்ந்தால் பதிவையும் நிறுத்தி, நடக்கும்போது மறுபடி தொடங்குங்கள்.

மூன்று, முதலில் போனைச் சோதியுங்கள். பெரிய றோட்டில் கிலோமீட்டர் கல் இருக்கிறது. ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு நடந்து பாருங்கள். 1,000 மீட்டருக்கு 1,050 காட்டினால், கூட்டிக் காட்டுகிற போன் என்று தெரிந்துகொள்ளலாம்.

நான்கு, ஒரே பாதையைப் போக வர, வேறு வேறு ஆட்கள், வேறு வேறு போன்களோடு, குறைந்தது ஐந்து தடவை நடங்கள். வந்த எண்களை வரிசையாக எழுதி நடு எண்ணை எடுங்கள். மனுவில் "நடந்து செல்லும் தூரம் ஏறக்குறைய 3.9 கிலோமீட்டர், ஐந்து தடவை அளந்ததில் 3.7 முதல் 4.1 வரை" என்று எழுதுங்கள். திகதியையும், எங்கிருந்து எதுவரை என்பதையும் போடுங்கள். அப்படி எழுதினால் பிறகு யார் அளந்தாலும் மனு நிற்கும்.

ஐந்து, நேர்கோட்டுத் தூரம் வேறு, நடை தூரம் வேறு. வரைபடத்தில் இரண்டு கிலோமீட்டர் என்று அதிகாரி சொல்லலாம். காகத்துக்கு அது சரி, பிள்ளைக்குச் சரியில்லை. பாதை சுற்றிப் போகிறது என்பதை மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள்.

கொந்தராத்துக்குக் காண் வெட்டுவது போன்ற குறைந்த நீளத்துக்குப் போன் வேண்டாம். அந்தக் காலத்தில் சங்கிலி பிடித்து அளந்தார்கள். ஒரு சங்கிலி 66 அடி, 80 சங்கிலி ஒரு மைல். இன்றைக்கும் 30 மீட்டர் நாடா ஒன்றும் இரண்டு ஆட்களும் போதும். 60 மீட்டர் காணில் 5 மீட்டர் பிசகினால், வேலை செய்தவரின் கூலியில் பன்னிரண்டில் ஒரு பங்கு போய்விடும்.

கடைசியாக, காணி விஷயம். இதைத்தான் எல்லாவற்றையும்விட அழுத்திச் சொல்கிறோம். 7 பேர்ச்சஸ் காணி என்றால் ஏறக்குறைய 177 சதுர மீட்டர். சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 13.3 மீட்டர்தான். ஒவ்வொரு பக்கமும் 2 மீட்டர் கூடினால் அது 9 பேர்ச்சஸைத் தாண்டும். 2 மீட்டர் குறைந்தால் 5 பேர்ச்சஸ் ஆகிவிடும். போனோ திறந்த வெளியிலேயே 5 மீட்டர் தவறக்கூடியது. அதை நம்பி வேலிக்கம்பு நட்டால், பக்கத்து வீட்டுக்காரரோடு தலைமுறைச் சண்டை. காணி அளப்பது உரிமம் பெற்ற நில அளவையாளரின் வேலை. அவர் நட்ட எல்லைக்கல்லும் அவருடைய வரைபடமும்தான் உங்கள் உரிமைக்குச் சாட்சி. அந்தக் கல்லை யாரும் அசைக்கக்கூடாது, அசைக்க விடவும் கூடாது.

போன் சிறப்பாகச் செய்வது ஒன்று உண்டு. நாம் எங்கே நிற்கிறோம் என்று காட்டுவது. இரவில் பிரசவ வலியோ நெஞ்சுவலியோ வந்து 1990 அம்புலன்சை அழைக்கும்போது, எந்த வளைவில், எந்த லயத்தருகில் என்று சொல்ல அது உதவும். ஐந்து மீட்டர் பிசகினாலும் அம்புலன்ஸ் வந்து சேரும். ஐந்து மீட்டர் பிசகினால் வேலி சரியாக வராது. இந்த வித்தியாசத்தைப் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் எடுத்துச் சொல்லுங்கள் என்று கேட்டு, உரையை நிறைவு செய்கிறோம்.