சங்கம வம்சத்தின் பூர்விகம்

(கிளைக் கூட்டம் ஒன்றில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



சங்கம வம்சம் என்றதும் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நினைத்துவிட வேண்டாம். விஜயநகரத்தின் முதல் அரச வம்சம் இது. ஹரிஹரர், கம்பணர், புக்கர், மாரப்பர், முத்தப்பர் ஆகிய ஐந்து சகோதரர்களின் தகப்பனார் பெயர் சங்கமர்.

நம்மில் பலர் சிறு வயதில் கேட்ட கதை இதுதான். ஹரிஹரரும் புக்கரும் வாரங்கல் காகதீய மன்னன் பிரதாபருத்ரனிடம் உத்தியோகம் பார்த்தார்கள். 1323-ல் வாரங்கல் வீழ்ந்ததும் கம்பிலிக்கு வந்தார்கள். 1327-ல் கம்பிலியும் வீழ்ந்து, டில்லிக்குக் கைதிகளாகக் கொண்டுபோகப்பட்டு, மதம் மாற்றப்பட்டு, பிறகு சுல்தானாலேயே தெற்கே அனுப்பப்பட்டார்கள். ஸ்ரீவித்யாரண்யர் அவர்களைத் தாய்மதத்தில் சேர்த்து, 1336-ல் நகரத்துக்கு முஹூர்த்தம் வைத்துக் கொடுத்தார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரே காலத்துச் சாட்சி எவரும் இந்தக் கதையை முழுசாகச் சொல்லவில்லை.

அந்தக் காலத்திலேயே வாழ்ந்த இப்ன் பதூதா, கம்பிலி அரசனின் பதினொரு புதல்வர்கள் டில்லிக்குக் கொண்டுபோகப்பட்டு மதம் மாறியதையும், அவர்களில் மூவரைத் தாம் பார்த்ததையும் எழுதுகிறார். நம் சகோதரர்களோ சங்கமரின் பிள்ளைகள். கம்பிலி அரசனின் பிள்ளைகள் அல்லர். சுல்தான் அனுப்பிய, கம்பிலி அரசனின் உறவினன் ஒருவன் இஸ்லாத்தைத் துறந்து கிளர்ச்சி செய்தான் என்று பரணி எழுதுகிறார், பெயரைத் தரவில்லை. முயல் நாயைக் கடித்ததும், முனிவர் அந்த இடத்தில் நகரம் அமைக்கச் சொன்னதும் போர்த்துகீசியரான நூனிஸின் ஏட்டில் வருகின்றன. அவர் எழுதியது 1530-களில், அதாவது இருநூறு வருஷம் கழித்து. 1900-ல் ராபர்ட் ஸிவெல் அதை மொழிபெயர்த்து வெளியிட்ட பிறகுதான் நமக்கெல்லாம் அது தெரிந்தது.

விஞ்ஞானம் படித்தவனுக்கு ஒரு பழக்கம் உண்டு: சம்பவத்துக்கு மிக அருகில் எடுத்த அளவையே முதலில் நம்புவான். கல்வெட்டுகள்தாம் இங்கே அந்த அளவு. 1340-ஆம் வருஷத்துப் பாதாமிக் கல்வெட்டில் ஹரிஹரருக்குப் பட்டம் மகாமண்டலேசுவரர் என்பதுதான். சக்கரவர்த்திக்குரிய பட்டமல்ல, சிற்றரசருக்குரியது. வம்சத்தின் செப்பேடுகள் சம்ஸ்கிருதத்தில் நாகரி எழுத்தில் இருந்தாலும், முடிவில் அரசரின் கையொப்பமான ‘ஸ்ரீவிரூபாக்ஷ’ கன்னட எழுத்திலேயே வருகிறது. ஆரம்பகாலச் சாசனங்களும் பெரும்பாலும் கன்னடம்தான். தெலுங்கு பெருகுவது பின்னால் வந்த வம்சங்களின் நாட்களில். தங்களை யது குலத்தவர் என்று இவர்கள் சொல்லிக்கொள்வதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஹொய்சளரும் அப்படியே சொன்னார்கள், தேவகிரி யாதவரும் சொன்னார்கள். சூரியனோ சந்திரனோ பாட்டனாராக இல்லாத ராஜா அந்நாளில் ஏது?

தெலுங்குக் கட்சிக்காகப் பெரிதும் வாதாடியவர் என். வேங்கடரமணய்யா, கன்னடக் கட்சிக்கு ஸாலெடோர், பி.பி. தேசாய் முதலியோர். இருவருமே பெரிய பண்டிதர்கள். ஆனால் இந்த வாதம் சூடு பிடித்த காலம் எது என்பதையும் கவனிக்க வேண்டும். மொழிவாரி மாகாணங்கள் கேட்டுக் கிளர்ச்சி நடந்த காலம் அது. ஹம்பி 1953 வரை நம் சென்னை ராஜதானியைச் சேர்ந்த பெல்லாரி ஜில்லாவில்தான் இருந்தது. அந்த வருஷம்தான் மைசூருக்குப் போயிற்று. சரித்திரத்தைக் கொஞ்சம் எல்லைக்கல்லாகவும் நட்டுப் பார்த்தார்கள். துங்கபத்ரைக் கரையில், ஹொய்சளருக்கும் கம்பிலிக்கும் இடைப்பட்ட சீமையில், படைத்தொழிலால் உயர்ந்த உள்ளூர்க் குடும்பம் இது என்பதே என் அபிப்பிராயம். வாரங்கல் தொடர்புக்குச் சமகாலச் சான்று மிகவும் பலவீனம்.

இனி நம் சபையில் சிலருக்கு வருத்தம் தரக்கூடிய பகுதிக்கு வருகிறேன். 1346-ல் ஐந்து சகோதரர்களும் சிருங்கேரிக்குச் சென்று, தங்கள் வெற்றியைக் கொண்டாடித் தானம் செய்த கல்வெட்டு இருக்கிறது. அதில் தானம் பெறும் ஆசார்யர் ஸ்ரீபாரதீ தீர்த்தர். வித்யாரண்யர் பெயர் அதில் இல்லை. ராஜ்யத்தையே தந்த குருவை, பத்து வருஷம் கழித்து அவருடைய மடத்திலேயே நின்றுகொண்டு மறப்பார்களா? 1336 என்று தேதியிட்டு அவரைக் குறிப்பிடும் பாகேபள்ளி, கபலூர் செப்பேடுகளைப் பின்னால் வந்த போலிகள் என்றே ஆராய்ச்சியாளர் பலரும் ஒதுக்குகிறார்கள். 1929-ல் பாதிரியார் ஹெராஸ் முதலில் இதை எழுப்பியபோது பலருக்குக் கோபம் வந்தது. மடத்தில் இட்டுக்கட்டினார்கள் என்று அவர் சொன்ன வேகம் எனக்கும் உடன்பாடில்லை. பக்தியால் கதை வளர்வது வேறு, மோசடி வேறு. இருந்தாலும் அவர் எடுத்துக்காட்டிய தேதிக் கணக்கு இன்றும் நிற்கிறது.

அவர் பீடத்தில் இருந்தது 1386 வரை. அதுவும் புக்கரும் இரண்டாம் ஹரிஹரரும் ஆண்ட பிற்காலத்தில்தான். புக்கரின் ஆதரவில் ஸாயணாசார்யர் வேத பாஷ்யம் எழுதினார். பஞ்சதசியும் ஜீவன்முக்தி விவேகமும் வித்யாரண்யருடையவை. இவற்றுக்குச் செப்பேடு எதையும் தேட வேண்டியதில்லை, நம் வீட்டு அலமாரியிலேயே இருக்கின்றன.