பாட்டுக்குள்ள எழுதி வெச்ச பேரை யார் அழிக்கிறா?

(அல் குசைஸில் நடந்த ஞாயிற்றுக்கிழமைச் சந்திப்பில் தோழர் ஒருவர் பேசியது. பேச்சு நடையை அதிகம் மாற்றாமல் தருகிறோம்.)

தோழர்களே,

போன ரெண்டு சந்திப்புல சம்பளப் பாக்கி பத்தியும் கிராஜுவிட்டி கணக்கு பத்தியும் பேசினோம். இன்னிக்கு எம்பி3 ஃபைல் பத்திப் பேசப் போறேன்னு சொன்னதும் ரெண்டு மூணு பேர் சிரிச்சீங்க. சிரிங்க, பரவாயில்ல. ஆனா நம்ம பதிவுகளுக்கு என்ன ஆச்சுன்னு முதல்ல கேளுங்க.

இங்க ரூம்கள்லயும், பக்கத்துல முஹைஸ்னா கேம்ப்கள்லயும் இருக்கிற நம்ம ஆட்கள் பாடின பாட்டு, சொன்ன கதை, இதையெல்லாம் கொஞ்ச காலமா பதிவு பண்ணிட்டு வர்றோம். ஒவ்வொரு ஃபைலுக்குள்ளயும் ‘கமெண்ட்’னு ஒரு கட்டம் இருக்கும். அதுல பாடினவர் போட்ட நிபந்தனைய எழுதி வெச்சிருந்தாங்க. ‘குரல் போடலாம், ஊர் பேர் வேண்டாம்’. ‘கான்ட்ராக்ட் முடிஞ்சு ஊருக்குப் போன பிறகு வெளியிடலாம்’. ‘வீட்ல கேக்கக் கூடாது’. இப்படி.

ஃபோல்டரை ஒரு தோழரோட லேப்டாப்ல காப்பி பண்ணாங்க. அந்த லேப்டாப்ல இருந்த மியூசிக் பிளேயர், யாரும் கேக்காமலே ஃபோல்டரைத் திறந்து, இணையத்துல தேடி, ‘விடுபட்ட தகவலை’ நிரப்பிடுச்சு. விழுப்புரத்து அண்ணன் ஒருத்தர் பாடின தெம்மாங்கு, யாரோ ஒரு ஐரோப்பிய டிஜே ஆல்பத்துல மூணாவது பாட்டா மாறிப்போச்சு. அது வேடிக்கை. வேடிக்கை இல்லாதது என்னன்னா, கமெண்ட் கட்டம் காலி. யார் என்ன நிபந்தனை போட்டாருன்னு இப்ப ஃபைலைப் பாத்து சொல்ல முடியாது. பேர் வெளிய வந்தா வேலை போற இடத்துல, இது சின்ன விஷயம் இல்ல.

அது எந்த பிளேயர்னு சொல்லப் போறதில்ல. ஏன்னா இது ஒரு பிளேயரோட குணம் மட்டும் இல்ல.

டேக்னா என்னன்னு சுருக்கமா சொல்லிடறேன். 1996ல எரிக் கெம்ப்னு ஒருத்தர் எம்பி3 ஃபைலோட வால்ல 128 பைட் ஒட்ட வெச்சார். பாட்டுப் பேருக்கு 30 பைட், பாடகருக்கு 30, ஆல்பத்துக்கு 30, வருஷத்துக்கு 4, குறிப்புக்கு 30, இசை வகைக்கு ஒரே ஒரு எண். அதுதான் ஐடி3 முதல் பதிப்பு. ஆங்கிலப் பேருக்கே அது பத்தாது. யூனிகோடு தமிழ்ல, யூடிஎஃப்-8ல எழுதினா, ஒரு குறிக்கு மூணு பைட். அதுலயும் மெய்யும் உயிர்மெய்க் குறியும் தனித்தனியா எண்ணப்படும். 30 பைட்ல பத்துக் குறிதான் அடங்கும். இளையராஜா தப்பிச்சுடுவார். விஸ்வநாதன் மிச்சமே இல்லாம சரியா பத்துல அடங்குவார்.

இசை வகைப் பட்டியல் இன்னும் அழகு. முதல்ல இருந்தது 80 வகை. கிறிஸ்தவ ராப்புக்குத் தனி எண் உண்டு, 61. போல்காவுக்கு உண்டு, 75. கர்நாடக சங்கீதத்துக்கு இல்ல, கானாவுக்கு இல்ல, ஒப்பாரிக்கு இல்ல. நமக்கெல்லாம் சேர்த்து ‘எத்னிக்’, எண் 48.

அப்புறம் 1998ல இரண்டாம் பதிப்பு வந்துச்சு. கட்டம் கட்டமா எவ்வளவு வேணும்னாலும் எழுதலாம். இசையமைப்பாளருக்குத் தனிக் கட்டம், பாடலாசிரியருக்குத் தனிக் கட்டம், நாமளே பேர் வெச்சுக்கிற கட்டம், எல்லாம் உண்டு. இதுக்கப்புறம்தான் நம்ம பிரச்சினை தொடங்குது.

ஏன்னா இப்ப அந்த டேக் ஒரு பொது இடம். ஒரே ஃபைலை பிளேயர் படிக்குது, போன் படிக்குது, கார் ஸ்டீரியோ படிக்குது, நம்ம ஆவண மென்பொருள் படிக்குது. அல் குசைஸ்ல ஆறு பேர் இருக்கிற ரூம் மாதிரின்னு வெச்சுக்குங்க. ஒருத்தர் நல்ல மனசோட ரூமை கிளீன் பண்றார். தனக்கு எது என்னன்னு தெரியுதோ அதை அடுக்கி வெக்கிறார், தெரியாததை எல்லாம் குப்பைன்னு தூக்கிப் போட்டுடறார். அதுல ஒருத்தரோட மருந்துச் சீட்டு இருக்கும், இன்னொருத்தரோட பத்தாக்கா காப்பி இருக்கும். நிறைய மென்பொருள் டேக்கை இப்படித்தான் எழுதுது. தனக்குப் புரிஞ்ச கட்டங்களை மட்டும் படிச்சு மனசுல வெச்சுக்கும். எழுதும்போது பழைய டேக்கை மொத்தமா எடுத்துட்டு, தன் மனசுல இருக்கிறதை மட்டும் புதுசா எழுதும். புரியாதது போச்சு. நீங்க மாத்தினது ஒரே ஒரு எழுத்துப் பிழையா இருக்கலாம்.

இதைத் தடுக்க விதியே இல்லையான்னா, இருக்கு. 1999ல வந்த 2.3 பதிப்பு விவரக்குறிப்புலயே ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கொடி உண்டு: ‘இந்தக் கட்டம் உனக்குப் புரியலைன்னா, டேக்கை மாத்தும்போது இதைக் காப்பாத்தணுமா, தூக்கிப் போடணுமா’ன்னு அது சொல்லும். கொடி ஏத்தலைன்னா காப்பாத்தணும். தெளிவான விதி. பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வெச்சுக்கக் கூடாதுன்னு இங்கயும்தான் சட்டம் இருக்கு.

ஸ்டார் மதிப்பெண்ல இந்தக் கூத்து நல்லாத் தெரியும். ஒரு பாட்டுக்கு 1 முதல் 255 வரை மதிப்பெண் எழுத ஒரு கட்டம் உண்டு. யார் போட்ட மதிப்பெண்னு தெரிய, கேக்கிறவரோட மின்னஞ்சலையும் கூடவே எழுதணும்னு விதி. அதாவது வடிவமைச்சவங்க பல பேர் ஒரே ஃபைலைக் கேப்பாங்கன்னு யோசிச்சிருக்காங்க. விண்டோஸ் மீடியா பிளேயர் அந்த இடத்துல என்ன எழுதுச்சுன்னா, தன் பேரையே எழுதுச்சு: ‘விண்டோஸ் மீடியா பிளேயர் 9 சீரிஸ்’. கேக்கிற மனுஷன் இருக்க வேண்டிய இடத்துல கம்பெனி உக்காந்துக்கிச்சு. மூணு ஸ்டாருக்கு அது 128 எழுதும், வேற சிலது 153 எழுதும். ஒண்ணு எழுதினதை இன்னொண்ணு தன் கணக்குல மாத்தி எழுதும். அதே பிளேயர், ஃபோல்டர்ல நாம போட்டு வெச்ச அட்டைப் படத்து மேல தன்னோட 200க்கு 200 படத்தை எழுதிட்டுப் போறதும் பழைய கதை. ஐடியூன்ஸ் வேற மாதிரி. மதிப்பெண்ணை ஃபைல்ல எழுதாது, தன்னோட நூலகத்துலயே வெச்சுக்கும். அங்கிருந்து கிளம்பினா உங்க உழைப்பு உங்ககூட வராது.

தமிழுக்கு இதுல கூடுதல் அடி. யூனிகோடு பரவறதுக்கு முன்னாடி நம்ம ஆட்கள் டேக்கை டிஸ்கி மாதிரி குறியாக்கத்துல எழுதினாங்க. அதுக்குன்னு எழுத்துரு போட்டாத்தான் தமிழ் தெரியும், இல்லைன்னா ஐரோப்பிய எழுத்துக் குப்பை. இங்க வளைகுடாவுல அரபி மொழி அமைப்புல இருக்கிற விண்டோஸ்ல திறந்தா, அதே பைட்டுகளை அரபி எழுத்தா காட்டற மென்பொருளும் உண்டு. பாத்துப் பயந்துடாதீங்க. பைட் அப்படியே இருக்கிற வரைக்கும் அந்தக் குப்பைக்குள்ள தமிழ் உயிரோட இருக்கு, மாத்தி எடுத்துடலாம். ஆனா ஒரு மென்பொருள் அதைப் ‘பழுது’ன்னு நினைச்சு கேள்விக்குறி கேள்விக்குறியா சேமிச்சிடுச்சுன்னா, அவ்வளவுதான். கேள்விக்குறியில இருந்து பேரைத் திரும்ப எடுக்க யாராலயும் முடியாது.

சரி, இந்தக் கட்டங்களை நிரப்புற ‘சரியான தகவல்’ எங்க இருந்து வருது? நம்மள மாதிரி ஆட்களுக்கு இதுதான் தெரிஞ்சிருக்க வேண்டிய வரலாறு.

ஆடியோ சிடியில பாட்டுப் பேர் பொதுவா இருக்காது. 1990கள்ல டி கான்னு ஒரு புரோகிராமர் எக்ஸ்எம்சிடின்னு ஒரு சிடி பிளேயர் எழுதினார். பாட்டுகளோட நீளத்தை வெச்சு சிடியை அடையாளம் காணும். பேரை? கேக்கிறவங்கதான் டைப் அடிச்சு அனுப்பினாங்க. ஸ்டீவ் ஷெர்ஃப் அதுக்கு சர்வர் எழுதினார். சிடிடிபின்னு பேர். உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான பேர், ஒரு காசு வாங்காம, தங்கள்கிட்ட இருந்த சிடி அட்டையைப் பாத்துப் பாத்து அடிச்சுக் கொடுத்தாங்க. தமிழ் சிடிகளுக்குப் பேர் கிடைச்சதும் எங்கேயோ ஒரு தமிழ் ஆள் உக்காந்து அடிச்சதாலதான்.

1998ல அதை எஸ்ஸியன்ட்னு ஒரு கம்பெனிக்கு வித்துட்டாங்க. உரிமம் மாறிச்சு. பேர் கிரேஸ்நோட்னு ஆச்சு. 2001ல, உரிமம் வாங்காத மென்பொருளுக்கெல்லாம் கதவைச் சாத்திட்டாங்க. அடிச்சுக் கொடுத்தவங்க தங்களோட பட்டியலையே கேக்க முடியாமப் போச்சு. அப்புறம் 2008ல சோனி அதை 260 மில்லியன் டாலருக்கு வாங்குச்சு. பிறகு டிரிபியூன், பிறகு நீல்சன், நீல்சன் கொடுத்த விலை 560 மில்லியன். உபரி மதிப்புக்கு உதாரணம் கேட்டா மில்லு, சுரங்கம்னு தேடிப் போக வேண்டாம், இதைச் சொல்லுங்க.

எதிர்த்தும் ஆட்கள் வேலை செஞ்சாங்க. பழைய பட்டியலை வெச்சு ஃப்ரீடிபி வந்துச்சு, 2020 வரைக்கும் ஓடுச்சு. ராபர்ட் கே தொடங்கின மியூசிக்பிரெயின்ஸ் இன்னும் ஓடுது. அதோட அடிப்படைத் தரவை யாரும் தனக்குன்னு பூட்டிக்க முடியாதபடி பொதுவுல விட்டிருக்காங்க. நம்ம தோழர்கள் அதுல தமிழ்ப் பதிவுகளைச் சேர்க்கணும்னு நான் வாதாடுவேன். ஆனா நம்ம பக்கத்து மென்பொருளும் தூயவன் இல்ல. அவங்களோட பிக்கார்டுல ‘இருக்கிற டேக்கை அழி’ங்கிற தேர்வும் உண்டு, ‘இந்தக் கட்டங்களைத் தொடாதே’ங்கிற பட்டியலும் உண்டு. சேமிக்கிற பட்டனை அழுத்தறதுக்கு முன்னாடி ரெண்டையும் பாக்கணும்.

பாடலாசிரியர் கட்டம்னு ஒண்ணு சொன்னேன்ல, அதுக்கு ஒரு நிமிஷம். பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 1959ல சாகும்போது 29 வயசு. ‘நாடோடி மன்னன்’ படத்துல அவர் எழுதினதை டி.எம்.எஸ். பாடினார், எஸ்.எம். சுப்பையா நாயுடு இசை. மூணு பேருக்கும் டேக்ல தனித்தனி இடம் இருக்கு. ஆனா பெரும்பாலான பிளேயர் திரையில காட்டறது ‘ஆர்ட்டிஸ்ட்’ ஒண்ணுதான். அதனால நம்ம ஆட்கள் அந்த ஒரே கட்டத்துல இசையமைப்பாளரையோ நடிகரையோ எழுதிடறாங்க. எழுதினவன் பேர், எழுதி வெச்சிருந்தாலும், யாரும் பாக்காத கட்டத்துல கிடக்கும். அடுத்த மென்பொருள் கிளீன் பண்ண வரும்போது முதல்ல போறதும் அதுதான். 2021 ஆகஸ்ட்ல ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையில தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தாங்க, ‘எஞ்சாய் எஞ்சாமி’யை எழுதிப் பாடின அறிவு இல்ல. அன்னிக்கு எவ்வளவு கோபப்பட்டோம். அது மனுஷங்க எடுத்த முடிவு, அதனால கேள்வி கேக்க ஆள் இருந்தாங்க. இங்க ஒரு டிக் மார்க் அதே வேலையைச் செய்யுது, கேக்க ஆளே கிடையாது.

இனி நம்ம வேலைக்கு வர்றேன்.

மூல ஃபைலை எந்த பிளேயரும் தொடக் கூடாது. காப்பி எடுத்துக் கேளுங்க, மூலத்தை ‘ரீட் ஒன்லி’யா வையுங்க. பிளேயர் செட்டிங்ஸ்ல இணையத்துல இருந்து தகவல் எடுக்கிறது, ஃபைல் பேரை மாத்தறது, ஃபோல்டரை அடுக்கறது, மூணையும் அணைங்க. விண்டோஸ் மீடியா பிளேயர்ல ‘இல்லாததை மட்டும் சேர்’, ‘எல்லாத்தையும் மேலெழுது’ன்னு ரெண்டு இருக்கும். ரெண்டும் வேண்டாம்.

நிபந்தனையையும் பேரையும் டேக்ல எழுதறதையே நிறுத்தணும்னு நான் முன்மொழியறேன். அழிஞ்சு போகுங்கிறது ஒரு காரணம். இன்னொரு காரணம், அழியாம இருந்தாலும் ஆபத்து. ஃபைலை யாருக்காவது அனுப்பினா கமெண்ட்டும் கூடவே போகும். ஃபைல்ல ஒரு எண் மட்டும் இருக்கட்டும். எண்ணுக்கு எதிரே பேர், ஊர், நிபந்தனை எல்லாம் தனி நோட்டுல. நோட்டு ஃபைலோட ஒரே இடத்துல இருக்கக் கூடாது.

அந்த எண்ணையும் வாயால சொல்லுங்க. பதிவு தொடங்கின உடனே, ‘இது இத்தனாவது எண், இன்ன தேதி, இன்ன நிபந்தனை’ன்னு குரல்லயே. 1902ல கல்கத்தாவுல கௌஹர் ஜான் கிராமபோனுக்குப் பாடி முடிச்சதும் தன் பேரை ஆங்கிலத்துல சொன்னாங்க. தட்டு அச்சாக ஜெர்மனி ஹானோவருக்குப் போகும், அங்க லேபிள் ஒட்டறவனுக்கு யார் பாட்டுன்னு தெரியணும். அந்தத் தட்டுகளைப் போட்டா இன்னிக்கும் அவங்க பேர் கேக்குது. லேபிளைக் கிழிக்கலாம், டேக்கை மேலெழுதலாம், குரலுக்குள்ள இருக்கிறதை எந்த பிளேயரும் ‘சரி’ பண்ணாது. வெளியிடும்போது மட்டும் அந்த முன்பகுதியை நாமளே வெட்டிக்கலாம்.

இப்ப அழிஞ்சு போன நிபந்தனைகளுக்கு வேற வழியில்ல. பாடினவங்ககிட்ட ஒவ்வொருத்தரா திரும்பக் கேக்கணும். சிலர் ஊருக்குப் போயிட்டாங்க, சிலர் கம்பெனி மாறி அபுதாபி பக்கம் போயிட்டாங்க. கேட்டு முடியற வரைக்கும் எந்தப் பதிவும் வெளிய போகாது, நம்ம செய்திமடல்லயும். அடுத்த ஞாயிறு நாலு பேர் வேணும். ஹெட்போனும், பழைய போன் நம்பர் இருந்தா அதையும் கொண்டு வாங்க.