வால்வு மூடியின் எண்ணெய்க் கசிவை நிறுத்துதல்



கட்டுக்கரைக் குளத்தின் கீழ்ப் பெரும்போக உழவு தொடங்கியபின் உழவியந்திரம் ஒரு நாள் நின்றாலும் விதைப்புப் பிந்திவிடும். ஆகவே பழுதுகளை மழைக்கு முன்னரே திருத்திவிடல் வேண்டும். 1964ஆம் ஆண்டு முதல் வெளிவந்த மஸி பேர்கூசன் 135 போன்ற பழைய உழவியந்திரங்களை வைத்திருப்போர், வால்வு மூடியைச் சுற்றி எண்ணெய் கசிவதைச் சிறு குறையென விட்டுவிடுகின்றனர். கசியும் எண்ணெய் சூடான புகைக்குழாயில் விழுந்தால், அங்கே படிந்திருக்கும் வைக்கோல் தூசு தீப்பற்றக்கூடும். எண்ணெய் மட்டம் குறைந்தால் இயந்திரத்தின் உள்ளுறுப்புகள் தேய்ந்து அழியும்.

முதலில் இயந்திரத்தைத் துடைத்துவிட்டுப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். எண்ணெய் கீழ்நோக்கி வழிவதால், ஈரம் தோன்றும் மிக உயர்ந்த இடமே கசிவின் தொடக்கமாகும்.

எமது மன்னார்க் கரையில், மூடியைக் கழற்றும் வேலையில் பெரும் பகை மணலே. சோழகக் காற்று வீசும் மாதங்களில் வெட்டவெளியில் இயந்திரத்தைத் திறக்கலாகாது. காற்று அடங்கிய காலை வேளையில், கொட்டிலினுள், இயந்திரம் ஆறியிருக்கையில் செய்யுங்கள். மூடியின் சுற்றுப்புறத்தை முன்னரே கழுவி உலர்த்துங்கள். மூடியை எடுத்தவுடன் உள்ளே தெரியும் துவாரங்களைத் தூய துணியால் அடையுங்கள்.

பழைய தக்கைக் காஸ்கட்டை மரச்சீவலால் சுரண்டி எடுங்கள். மூடியின் விளிம்பை ஒரு கண்ணாடித் தகட்டின்மேல் வைத்துப் பாருங்கள். ஆணித் துவாரங்களருகே அது வளைந்திருப்பின், மரக்கட்டையில் வைத்து மெதுவாகத் தட்டி நிமிர்த்துங்கள். உப்புக் காற்றினால் விளிம்பு துருவால் அரிக்கப்பட்டிருந்தால் மூடியையே மாற்றல் நன்று.

புதிய காஸ்கட்டை மூடியின் பக்கத்தில் மாத்திரம் மெல்லிய பசையால் ஒட்டுங்கள், மறுபக்கம் உலர்ந்திருக்கட்டும். பசையை அள்ளிப் பூசினால், அது உள்ளே உதிர்ந்து எண்ணெய் வழிகளை அடைத்துவிடும். அடைத்த துணிகளை எண்ணி எடுத்தபின் மூடியைப் பொருத்தி, நட்டுகளை மாறிமாறிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். கசிவு நிற்கவில்லையென்று மேலும் மேலும் இறுக்குவதே பலரும் செய்யும் பிழை. அதனால் தக்கை பிளக்கும், தகரமும் வளையும்.

புதிய காஸ்கட்டும் விரைவில் கசிகிறதா? மூச்சுக்குழாயைப் பாருங்கள். அது அழுக்கால் அடைபட்டால் உள்ளே அழுத்தம் பெருகி எண்ணெயை வெளியே தள்ளும். அதனைச் சுத்தஞ் செய்தபின்னும் புகை மிகுதியாக வருமாயின், பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருக்கலாம். அப்போது தேர்ந்த மெக்கானிக்கை நாடுங்கள்.

காஸ்கட்டின் விலை சிறிது. காய்ந்து பழுதான இயந்திரத்தைப் புதுப்பிக்கும் செலவோ பெரிது. நாள்தோறும் காலையில் எண்ணெய் மட்டத்தைப் பார்த்த பின்னரே வயலுக்குப் புறப்படுங்கள்.