அப்டேட் ஆன மறுநாள்: கம்ப்யூட்டர் கெட்டுவிட்டதா, குழம்பிவிட்டதா?

(ஹைதராபாத் கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நமது கிளைச் செயலாளர் என்னைப் பேச அழைத்தபோது, "ஆன்மிகம் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். நீங்கள் கம்ப்யூட்டரைப் பற்றிப் பேசுங்கள். அப்டேட் ஆனதிலிருந்து பிரிண்டர் வரவில்லை, கேமரா வரவில்லை என்று வாரத்துக்கு நாலு பேர் எனக்குப் போன் செய்கிறார்கள்" என்றார். இந்த ஊரில் இருபத்தெட்டு வருஷம் இந்த இயந்திரங்களோடு காலம் தள்ளியவன் என்பதால் ஒப்புக்கொண்டேன்.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். அப்டேட் ஆன மறுநாள் ஒரு பாகம் வேலை செய்யவில்லை என்றால், அந்தப் பாகம் கெட்டுவிட்டது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். பெரும்பாலும் அது கெட்டிருக்காது, குழம்பியிருக்கும். கெட்டதற்கும் குழம்பியதற்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க அரை மணி நேரம் போதும். அந்த அரை மணியை நாம் செலவழிக்காவிட்டால், ஆயிரக்கணக்கில் பணமும், அதைவிட முக்கியமாக, திரும்பக் கிடைக்காத சில பொருள்களும் போய்விடும்.

ஊரறிந்த உதாரணம் ஒன்று சொல்கிறேன். 2024 ஜூலை 19, ஆடி மாதத்து முதல் வெள்ளிக்கிழமை. ஷம்ஷாபாத் விமான நிலையத்தில் பயணிகளுக்குப் பேனாவால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். ஹைதராபாத்திலிருந்து கொல்கத்தா போகும் விமானத்துக்கு எழுதிக் கொடுத்த ஒரு பாஸின் படம் உலகம் முழுவதும் சுற்றியது. அன்று நடந்தது என்ன? க்ரவுட்ஸ்ட்ரைக் என்ற நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு, நம் நேரப்படி காலை 9.39க்கு ஒரு சின்ன அப்டேட் வந்தது. அது விண்டோஸின் அப்டேட் அல்ல. விண்டோஸின் அடிமடியில் உட்கார்ந்து வேலை செய்யும் வேறொரு மென்பொருளுடையது. 10.57க்கு, அதாவது 78 நிமிடத்தில், அதைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். ஆனால் அதற்குள் சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையோடு படுத்துவிட்டன என்று மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது.

அந்த 85 லட்சத்தையும் படுக்க வைத்தது ஒரு கோப்புதான். எந்த மதர்போர்டும் எரியவில்லை. ஸேஃப் மோடில் திறந்து, அந்தக் கோப்பை நீக்கி, ரீஸ்டார்ட் செய்ததும் எழுந்துகொண்டன. பார்ப்பதற்கு மரணம் போல இருந்தது, உண்மையில் மயக்கம்.

ஏன் இப்படி ஆகிறது என்பதைப் புரிந்துகொண்டால் பயம் பாதி போய்விடும். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் சென்னைப் பட்டணத்தில் துபாஷி என்று ஒருவர் இருப்பார். துரைக்குத் தமிழ் தெரியாது, வியாபாரிக்கு இங்கிலீஷ் தெரியாது. நடுவில் துபாஷி. கம்ப்யூட்டரில் இந்த துபாஷிக்குப் பெயர் டிரைவர். விண்டோஸ் பேசுவதைப் பிரிண்டருக்கும், பிரிண்டர் பேசுவதை விண்டோஸுக்கும் சொல்கிற சிறு மென்பொருள். கேமராவுக்கு ஒன்று, ஒலிக்கு ஒன்று, வைஃபைக்கு ஒன்று என்று தனித்தனியாக உண்டு. அப்டேட் வந்தால் துரையின் பேச்சு சற்று மாறுகிறது. துபாஷி பழைய ஆள் என்றால் தடுமாறுகிறார். சில சமயம் அப்டேட்டே துபாஷியை மாற்றிவிடுகிறது. துரையும் நன்றாக இருக்கிறார், வியாபாரியும் நன்றாக இருக்கிறார். பேச்சு மட்டும் நின்றுபோகிறது. 2021 மார்ச் மாதம் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு, சில கம்பெனிப் பிரிண்டர்களில் பிரிண்ட் கொடுத்த மாத்திரத்தில் கம்ப்யூட்டரே நீலத் திரையோடு நின்றது. ஒரு வார அளவில் திருத்தம் வந்துவிட்டது. அந்த வாரத்தில் புதுப் பிரிண்டர் வாங்கியவர்களுக்குப் பழைய பிரிண்டரும் நன்றாகத்தான் இருந்தது!

பத்மராவ் நகரில் எனக்குத் தெரிந்த மாமா ஒருவர், வயது 74. பெண் நியூ ஜெர்ஸியில். ஞாயிற்றுக்கிழமை காலையில் பேத்தியைத் திரையில் பார்ப்பதுதான் அவருக்கு வாரத்தின் விசேஷம். ஓர் அப்டேட்டுக்குப் பிறகு மடிக்கணினியில் கேமரா காணாமல் போயிற்று. ஒரு கடையில் காட்டியதற்கு, மதர்போர்டு போய்விட்டது, ஒன்பதாயிரம் ஆகும், எதற்கும் முதலில் ஃபார்மட் செய்து பார்க்கலாம் என்றிருக்கிறார்கள். மாமா என்னிடம் கேட்டது பணத்தைப் பற்றி அல்ல. "ஏம்பா, ஃபார்மட் பண்ணினா உங்க மாமியோட படமெல்லாம் இருக்குமோல்லியோ?" என்றார். மாமி காலமாகி இரண்டு வருஷம். சஷ்டியப்தபூர்த்திப் படங்கள் முழுவதும் அந்த ஒரே டிஸ்க்கில்தான் இருந்தன. வேறு பிரதி கிடையாது.

அரை மணி நேரத்தில் அந்தக் கேமரா வந்துவிட்டது. எந்தப் பாகமும் மாற்றவில்லை. அன்று செய்த சோதனைகளையே வரிசையாகச் சொல்கிறேன். குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, ரீஸ்டார்ட். 'ஷட் டவுன்' கொடுத்து மறுபடி போடுவதும் 'ரீஸ்டார்ட்' கொடுப்பதும் ஒன்றல்ல. விண்டோஸ் 8 வந்த 2012 முதல், 'ஷட் டவுன்' கொடுத்தால் அநேகமாக அது முழுதாக அணைவதில்லை. சீக்கிரம் எழுந்திருப்பதற்காகக் கொஞ்சம் நினைவை டிஸ்க்கில் எழுதி வைத்துக்கொண்டு தூங்குகிறது. குழப்பமும் அப்படியே இருக்கும். 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் புதிதாகத் தொடங்கும். அதிலும் சரியாகாவிட்டால் அணைத்து, சார்ஜரையும் எல்லா ஒயர்களையும் கழற்றி, பவர் பட்டனை முப்பது விநாடி அழுத்திப் பிடித்துவிட்டுப் பிறகு போடுங்கள்.

இரண்டாவது, சுவிட்சுகள். கேமராவுக்கு முன்னால் சின்ன மூடி இருக்கிறதா, விசைப்பலகையில் மைக்கை நிறுத்தும் விசை அழுந்தியிருக்கிறதா, ஏரோப்ளேன் மோட் போட்டிருக்கிறதா, செட்டிங்ஸில் பிரைவசி பகுதியில் கேமராவுக்கு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது, டிவைஸ் மானேஜர். ஸ்டார்ட் பட்டனில் வலது க்ளிக் செய்தால் வரும். மஞ்சள் முக்கோணம் எந்தப் பெயருக்குப் பக்கத்தில் இருக்கிறதோ அங்கேதான் தகராறு. திறந்து பார்த்தால் ஓர் எண் இருக்கும். 28 என்றால் டிரைவரே இல்லை. 10 என்றால் சாதனத்தைத் தொடங்க முடியவில்லை. 43 என்றால் சாதனமே ஏதோ கோளாறு என்று சொல்கிறது. இது டிரைவராகவும் இருக்கலாம், பாகமாகவும் இருக்கலாம். அங்கேயே 'ரோல் பேக் டிரைவர்' என்ற பட்டன் உயிரோடு இருந்தால் அழுத்துங்கள். பழைய துபாஷி திரும்பி வருவார். மாமாவுடைய கேமரா இதில்தான் வந்தது. பட்டன் மங்கலாக இருந்தால், கம்ப்யூட்டர் தயாரித்த கம்பெனியின் சொந்தத் தளத்திலிருந்து மாடல் எண்ணைப் பார்த்து டிரைவரை இறக்கிக்கொள்ளுங்கள். இலவச டிரைவர் என்று விளம்பரம் செய்யும் மூன்றாம் நபர்களிடம் போக வேண்டாம்.

நான்காவது, விண்டோஸை ஒதுக்கிவைத்துப் பார்ப்பது. இதுதான் உரைகல். உபுண்டு அல்லது லினக்ஸ் மின்ட் என்ற இலவச மென்பொருளை ஒரு 8 ஜி.பி. பென் டிரைவில் போட்டு, அதிலிருந்தே கம்ப்யூட்டரைத் துவக்கலாம். டிஸ்க்கில் எதையும் எழுதாமல் சும்மா பார்க்க வழி உண்டு. அங்கே கேமராவும் ஒலியும் வேலை செய்தால் பாகம் நன்றாக இருக்கிறது என்பது நிச்சயம். வேலை செய்யாவிட்டால் பாகம் கெட்டது என்று நிச்சயமில்லை. அங்கேயும் துபாஷி இல்லாமல் இருக்கலாம். மாமா வீட்டில் டிரைவரைத் தொடுவதற்கு முன் இதைத்தான் செய்தேன். அங்கே கேமரா தெரிந்ததும் அவர் முகம் தெளிந்துவிட்டது. பிரிண்டர் என்றால் ஒயரைப் பிடுங்கிவிட்டு, அதன் சொந்தச் சோதனைப் பக்கத்தை அச்சடித்துப் பாருங்கள்.

ஐந்தாவது, அப்டேட்டையே திரும்ப அனுப்புவது. செட்டிங்ஸில் அப்டேட் சரித்திரம் என்ற இடத்தில் 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்' இருக்கும். பெரிய பதிப்பு மாற்றம் என்றால் 'கோ பேக்' வழியாகப் பழையதற்குப் போகலாம். ஆனால் சாதாரணமாகப் பத்து நாள்தான் கெடு. பிறகு பழைய கோப்புகளை விண்டோஸ் அழித்துவிடும்.

அப்படியென்றால் பாகம் கெடவே கெடாதா? கெடும். விண்டோஸ் வருவதற்கு முன்பே, கம்பெனிப் பெயர் தெரியும் கட்டத்திலேயே நின்றால், பீப் பீப் என்று எண்ணி ஒலித்தால், ஹார்ட் டிஸ்க் டக் டக் என்று தட்டினால், அது பாகம். ஒரு பெரிய அப்டேட் பல ஜி.பி. அளவுக்கு டிஸ்க்கில் எழுதுகிறது. ஏற்கெனவே தள்ளாடும் டிஸ்க் அன்றுதான் விழும். டிஸ்க் தட்டுகிறது என்றால் மேலே சொன்ன எதையும் செய்யாதீர்கள். அணைத்துவிட்டு, முதலில் அதிலுள்ளதைக் காப்பாற்ற வழி பாருங்கள். டெஸ்க்டாப்பில் பீப் ஒலி வந்தால், மெமரியைக் கழற்றிப் பென்சில் ரப்பரால் அதன் தங்க நிறப் பற்களை மெதுவாகத் துடைத்துத் திரும்பப் பொருத்துவது பழைய வைத்தியம், இன்றும் பலிக்கிறது. தேதி தானாகப் பின்னோக்கிப் போனால் சி.ஆர். 2032 என்ற காசு வடிவ பாட்டரியை மாற்றுங்கள். பாகம்தான் என்று தெரிந்த பிறகு செகந்திராபாத் பார்க் லேனில் செனாய் டிரேட் சென்டருக்குப் போங்கள். போகும்போது, "இதைச் சோதித்தேன், அதைச் சோதித்தேன்" என்று சொல்லத் தெரிந்தால் பேச்சே வேறு மாதிரி இருக்கும். ஃபார்மட் செய்யும் முன் கேட்க வேண்டும் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி, வருமுன் காப்பது. மைக்ரோசாஃப்டின் மாதாந்திர அப்டேட் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை அமெரிக்காவில் வெளியாகிறது. நம் நேரப்படி அது செவ்வாய் இரவு, நம் கைக்கு வருவது பெரும்பாலும் புதன்கிழமை. பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்பது பழமொழி. அப்டேட் விஷயத்தில் மட்டும் அந்தப் புதனை விட்டுவிடலாம். செட்டிங்ஸில் ஒரு வாரம் 'பாஸ்' போட்டால் போதும். கோளாறு இருந்தால் அதற்குள் உலகம் சொல்லிவிடும். அதற்காக அப்டேட்டே வேண்டாம் என்று நிறுத்திவிடாதீர்கள். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற வைரஸ் ஆந்திரக் காவல்துறையின் சில கம்ப்யூட்டர்களைக்கூடப் பூட்டியது. அதற்கான மருந்து அந்த மார்ச் மாத அப்டேட்டிலேயே வந்திருந்தது.

இரண்டாவது, பிரதி. மாதம் ஒருமுறை ஒரு வெளி டிஸ்க்கில் படங்களையும் காகிதங்களையும் நகல் எடுத்து, ஒயரைக் கழற்றி அலமாரியில் வையுங்கள். மாமாவுக்கு அன்றே அதைச் செய்து கொடுத்தேன்.

மூன்றாவது, 48 இலக்கச் சாவி. இன்றைய விண்டோஸ் 11 கம்ப்யூட்டர்கள் பலவற்றில் டிஸ்க் தானாகவே பூட்டப்படுகிறது. ஒரு பயாஸ் அப்டேட்டுக்குப் பிறகு திடீரென்று நீலத் திரையில் பிட்லாக்கர் சாவி கேட்கும். சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். ஆனால் அந்தக் கணக்கைத் தொடங்கிக் கொடுத்த பிள்ளை அப்போது டெக்ஸாஸில் தூங்கிக்கொண்டிருப்பான். இன்றே அதைக் காகிதத்தில் எழுதி, பாங்க் பாஸ்புத்தகத்தோடு வையுங்கள். ஜூலை 19 அன்று பல அலுவலகங்கள் எழுந்திருக்கத் தாமதமானதற்கு இந்தச் சாவி கையில் இல்லாததும் ஒரு காரணம்.

பென்ஷன்தாரர்களுக்கு ஒரு வார்த்தை. 2014 நவம்பரில் வந்த ஜீவன் பிரமாண் திட்டத்தில் பலர் வீட்டிலேயே கைரேகைக் கருவி வைத்து உயிர்ச் சான்று கொடுக்கிறோம். அந்தக் கருவியும் துபாஷியை நம்பித்தான் இருக்கிறது. நவம்பரில் பெரிய அப்டேட் போட வேண்டாம். கருவி தெரியவில்லை என்றால், 2021 முதல் போனிலேயே முகம் காட்டிச் சான்று கொடுக்கும் வசதி இருக்கிறது. ஆடிட்டர்கள் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனுக்கும் இதே ஜாக்கிரதையைக் கடைசித் தேதிகளில் கைக்கொள்ளலாம்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. உங்கள் கம்ப்யூட்டர் விண்டோஸ் 11க்குத் தகுதியில்லை என்று செய்தி வந்தால், அது கெட்டுவிட்டது என்று பொருளில்லை. டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் குறிப்பிட்ட தலைமுறை பிராஸஸரும் வேண்டும் என்பது அவர்கள் வைத்த விதி. சிலவற்றில் டி.பி.எம். இருந்தும் பயாஸில் அணைத்து வைத்திருப்பார்கள். அதைப் போட்டுப் பாருங்கள். மற்றவற்றில் லினக்ஸ் மின்ட் போட்டால் இன்னும் சில வருஷம் ஓடும்.

கடைசியாக, திரை உறைந்து, அலறல் ஒலியோடு ஒரு போன் நம்பர் வந்தால் அது மைக்ரோசாஃப்ட் அல்ல, திருடன். அவர்களுடைய உண்மையான எச்சரிக்கையில் போன் நம்பர் இருப்பதில்லை. அவர்களாக நமக்குப் போன் செய்வதுமில்லை. பணம் போய்விட்டால் வெட்கப்படாமல் உடனே 1930க்குச் சொல்லுங்கள்.

இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவில் தனியாக இருக்கும் பெரியவர்கள் இரண்டு பேரின் கம்ப்யூட்டரை இந்த மாதம் போய்ப் பாருங்கள். பிரதி எடுத்துக் கொடுங்கள், சாவியை எழுதிக் கொடுங்கள். ஒரு மணி நேர வேலை. காபி நிச்சயம் கிடைக்கும். மற்ற ஊர்க் கிளைகளும் இதைச் செய்தால் நன்றாக இருக்கும்.